கண்ணாடித் தவளையும் நம் கால்வாய்த் தவளையும்



மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, முதற் பாடவேளை தொடங்குமுன், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் கையில் ஓர் ஊறுகாய்ப் புட்டி இருந்தது. அதன் மூடி இறுக அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சிறு மரத்தவளை, தன் வெளிறிய வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"ஐயா, இது கண்ணாடித் தவளைதானே?" என்று அவன் கேட்டான்.

கண்ணாடிப் புட்டிக்குள் இருந்ததால் அது கண்ணாடித் தவளை ஆகிவிட்டதோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அவன் முகத்தில் இருந்த ஆவலைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தன் அண்ணனின் கைப்பேசியில், இதயம் துடிப்பது வெளியே தெரியும் ஒரு தவளையை அவன் பார்த்திருக்கிறான். வெளிநாடுகளில் அதனைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்து வளர்க்கிறார்களாம். நாமும் அப்படி வளர்க்கலாமா என்பதே அவன் மனத்தில் இருந்த கேள்வி.

"முதலில் மூடியைத் திற, தம்பி. விடையைப் பிறகு சொல்கிறேன்" என்றேன். அவனும் திறந்தான். ஆனால், அவனுக்குரிய விடை ஒரு பாடவேளைக்குள் அடங்குவதாக இல்லை. அவனைப்போல் ஆசை கொண்ட பிள்ளைகள் வேறு பலரும் இருக்கக்கூடும். ஆகவே, அதனை இவ்வாண்டு மலரில் எல்லாருக்குமாக எழுதுகின்றேன்.

கண்ணாடித் தவளை என்பது யாது?

கண்ணாடித் தவளைகள் நம் நாட்டில் இல்லை. அவை மெக்சிக்கோவின் தென்பகுதி முதல் தென் அமெரிக்கா வரையுள்ள மழைக்காடுகளில், ஓடைக் கரைகளில் வாழ்கின்றன. அவற்றுள் நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை நம் கட்டைவிரலின் மேற்கணு அளவே இருக்கும். முதுகு இளம் இலையின் பச்சை நிறமாக இருக்கும். வயிற்றுத் தோலோ நிறமற்றது. அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கடிகாரத்தைப்போல் உள்ளுறுப்புகள் வெளியே தெரியும். சில இனங்களில் இதயம் துடிப்பதையே நாம் எண்ணிவிடலாம்.

இந்த அமைப்பு அழகுக்காக ஏற்பட்டதன்று. உயிர் பிழைப்பதற்காக ஏற்பட்டது. பகலில் இத்தவளை இலையின் மீது ஒட்டிக்கொண்டு உறங்கும். அப்போது வெளிச்சம் அதன் உடலை ஊடுருவிச் செல்வதால், பகைவரின் கண்ணுக்கு அது இலையோடு இலையாகவே தோன்றும். ஆனால், இரத்தம் சிவப்பாயிற்றே! அது காட்டிக்கொடுத்து விடாதா? இவ்வினாவுக்கு 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை வெளியிட்டனர். உறங்கும்போது கண்ணாடித் தவளை தன் இரத்தத்தின் சிவப்பணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தொன்பது பங்கைக் கல்லீரலுக்குள் ஒதுக்கி மறைத்துக்கொள்கிறது. அதனால் அதன் உடல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை தெளிவு பெறுகிறது. விழித்தெழுந்ததும் அவ்வணுக்கள் மீண்டும் உடலெங்கும் ஓடத் தொடங்குகின்றன.

மாணவர்களே, இதில் இன்னொரு வியப்பும் உண்டு. நம் உடலில் இரத்த அணுக்கள் அப்படி ஓரிடத்தில் நெருங்கிக் குவிந்தால் இரத்தம் உறைந்து கட்டியாகி, உயிருக்கே இடர் நேரும். அச்சிறு தவளையோ நாள்தோறும் அவ்வாறு செய்தும் நலமாக வாழ்கின்றது. அதன் இரகசியத்தை அறிந்தால், இரத்தக் கட்டியால் துன்புறும் மக்களுக்கு மருந்து காண வழி பிறக்கலாம் என்று ஆய்வாளர்கள் நம்புகின்றனர்.

கண்ணாடித் தவளை நல்ல பெற்றோரும் ஆகும். பெண் தவளை ஓடையின் மேல் சாய்ந்திருக்கும் இலையில் முட்டையிடும். பல இனங்களில் தந்தைத் தவளை அம்முட்டைகளின் அருகிலேயே இருந்து காக்கும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் இலையிலிருந்து நழுவிக் கீழே ஓடும் நீரில் விழுந்து வளரத் தொடங்கும்.

நம் காட்டின் செல்வங்கள்

இவ்வளவு சிறப்பைக் கேட்டதும், "நம் நாட்டில் இப்படி ஒன்றும் இல்லையே!" என்று சிலர் ஏங்கலாம். அவ்வேக்கம் வேண்டா. செனாயில் நம் தோட்டத்துக்கு மேற்கே குனோங் பூலாய் மலை தெரிகிறதல்லவா? அத்தகைய மழைக்காடுகள் நம் நாட்டில் தவளைகளுக்குத் தாய்வீடாக விளங்குகின்றன.

ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை அறிஞர் 1854ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்து, நம் ஜொகூர் மாநிலத்தின் குனோங் லேடாங் மலையில் ஏறினார். மறு ஆண்டு, 1855இல், சரவாக்கில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் அருகே தங்கியிருந்தார். அப்போது ஒரு சீனத் தொழிலாளி அவரிடம் பெரியதொரு மரத்தவளையைக் கொண்டுவந்தார். உயரமான மரத்திலிருந்து அது பறப்பதுபோல் சாய்வாக இறங்கி வந்ததைத் தம் கண்ணால் கண்டதாக அவர் கூறினார். வாலஸ் அதனை அளந்து பார்த்தார். உடல் நான்கு அங்குல நீளம். நான்கு பாதங்களையும் விரித்தால், விரல்களுக்கிடையே உள்ள சவ்வின் பரப்பு பன்னிரண்டு சதுர அங்குலம். அச்சவ்வுகளே அதற்குக் குடையாகின்றன. காற்று அவற்றைத் தாங்குவதால் தவளை கீழே விழாமல் மிதந்து இறங்குகிறது. 1869இல் வெளிவந்த தம் பயண நூலில் வாலஸ் இதனை விளக்கி, படமும் வெளியிட்டார். இன்று அது வாலஸ் பறக்கும் தவளை என்று உலகெங்கும் அழைக்கப்படுகின்றது. தீபகற்ப மலேசியாவின் காடுகளிலும் அது வாழ்கின்றது.

அதனை முதலில் கண்டு வியந்தவர் ஒரு தொழிலாளி என்பதை மறவாதீர்கள். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், அவரது கூர்மையான பார்வை இல்லையேல் அறிஞரின் நூலில் அச்செய்தி இடம்பெற்றிராது. நம் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்வோரின் கண்களும் அத்தகையனவே.

அடுத்து, கொம்புத் தவளையைப் பாருங்கள். இதன் கண்களுக்கு மேலும் மூக்கின் நுனியிலும் தோல் கூர்மையாக நீண்டு கொம்பு போலத் தோன்றும். நிறமோ காய்ந்த சருகின் நிறம். சருகின் நரம்புகள் போன்ற கோடுகளும் முதுகில் உண்டு. காட்டுத் தரையில் அது அமர்ந்திருந்தால், காலடியில் இருந்தாலும் நம்மால் காண இயலாது. இதன் தலைப்பிரட்டையின் வாய் மேல்நோக்கி விரிந்த புனல்போல் இருக்கும். அவ்வாயை நீர்ப்பரப்பில் விரித்து, மிதந்து வரும் நுண்ணுணவை அது வடித்து உண்ணும். அழகும் விந்தையும் ஒருங்கே அமைந்ததால், வெளிநாட்டு வளர்ப்போர் இதனையும் விரும்பி வாங்குகின்றனர்.

நம் மாநிலத்திலேயே புதிதாக அறியப்பட்ட இனமும் உண்டு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஓடை ஒன்றில் வாழும் மெலிந்த சிறு தேரை ஒன்று, 2006ஆம் ஆண்டில்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. எண்டாவ் என்னும் ஊர்ப்பெயரே அதன் அறிவியற் பெயரிலும் இடம்பெற்றது. மனிதன் நிலவில் கால் வைத்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஜொகூரின் ஓர் ஓடையில் இருந்த உயிருக்கு நாம் பெயர் வைத்தோம்!

நம் முன்னோரின் மண்ணிலும் இத்தகைய விந்தை உண்டு. 2003ஆம் ஆண்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஊதா நிறத் தவளையைப் பற்றி எஸ்.டி. பிஜு என்னும் இந்திய அறிஞரும் பெல்ஜிய நாட்டு அறிஞர் ஒருவரும் உலகுக்கு அறிவித்தனர். ஊதிய பை போன்ற உடலும் பன்றியின் மூக்குப்போன்ற முகமும் கொண்ட அது, ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கின்றது. கறையானைத் தின்று வாழ்கின்றது. முதல் மழை பெய்ததும் சில நாள்கள் மட்டும் வெளிவந்து இனம் பெருக்குகின்றது. அதன் நெருங்கிய உறவினம் எங்கே உள்ளது தெரியுமா? நடுக்கடலில் உள்ள செய்செல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாக இருந்த பழங்காலத்துக்குச் சாட்சியாக அத்தவளை இன்றும் வாழ்கின்றது. 2017இல் தமிழகத்தின் திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்தும் இவ்வகைத் தவளை ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்குக் கோயம்புத்தூரில் பணியாற்றி 2014இல் மறைந்த அறிஞர் பூபதியின் பெயர் சூட்டப்பெற்றது.

தமிழரும் தவளையும்

தவளையை நம் தமிழ் மரபு என்றும் புறக்கணித்ததில்லை. தவளை, தேரை, நுணல் என அதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இலக்கணத்தில் ஒரு நூற்பாவின் பொருள் இடையிலுள்ளதை விட்டு அப்பாலுள்ளதோடு சென்று சேர்வதைத் தவளைப் பாய்த்து என்பர். அறிவு குறுகியவனைக் கிணற்றுத் தவளை என்பர். மணலுக்குள் மறைந்திருக்கும் நுணல் தன் வாயாலேயே கெடும் என்றும் சொல்லிவைத்தனர்.

இறுதியாகச் சொன்னது வெறும் அறவுரை அன்று. கண்ணால் கண்ட உண்மை. மழை பெய்த இரவில் ஆண் தவளை தன் துணையை அழைத்துக் குரல் கொடுக்கின்றது. அக்குரலைக் கேட்டுப் பாம்பும் வரும். பிடித்து விற்போரும் வருவர். கை விளக்குடன் காட்டுக்குள் செல்லும் ஒருவர், குரல் வரும் திசையிலேயே நடந்து சென்று அரிய தவளைகளைப் பையில் போட்டுக்கொள்ள முடியும். இனம் பெருக்கும் காலத்திலேயே பிடிபடுவதால், அத்தவளையோடு அதன் பிள்ளைகளும் போய்விடுகின்றன.

ஏன் வளர்க்க ஆசைப்படுகின்றோம்?

அரிய தவளைகளை வளர்க்கும் ஆசை தீய ஆசை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணங்கள் உண்டு. தவளை அழகானது. குறைந்த இடம் போதும். நாயைப்போல் குரைக்காது. ஒரு தொட்டிக்குள் சிறு காட்டையே அமைத்து, இலையும் பாசியும் நீரும் வைத்து, வேலை முடிந்து வந்த மாலையில் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பது மனத்துக்கு இதமளிக்கும். பிறரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது என்னும் பெருமையும் அதில் கலந்திருக்கும்.

வளர்ப்பதால் நன்மை விளைந்ததும் உண்டு. ஆப்பிரிக்காவில் தன்சானியா நாட்டின் கிகான்சி அருவிச் சாரலில் மட்டும் வாழ்ந்த ஒரு சின்னஞ்சிறு தேரை இருந்தது. மின்சாரத்துக்காக அணை கட்டியதால் அருவி நீர் குறைந்து, சாரலும் குறைந்தது. நோயும் வந்தது. 2009இல் அத்தேரை காட்டில் அற்றுப்போனது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால், முன்கூட்டியே சிலவற்றை அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகள் கொண்டுசென்று பேணிப் பெருக்கி வைத்திருந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் 2012இல் மீண்டும் தாய்மண்ணில் விடப்பட்டன. ஆகவே, அறிவோடும் பொறுப்போடும் வளர்ப்பவர்கள் ஓர் இனத்தையே காப்பாற்றவும் கூடும்.

ஆனால், அங்கு வளர்த்தவர்கள் கற்றறிந்தவர்கள். வெப்பத்தையும் ஈரத்தையும் கருவி கொண்டு அளந்தவர்கள். திருப்பி விடுவதற்காக வளர்த்தவர்கள். நாம் ஊறுகாய்ப் புட்டியில் அடைப்பது அதுபோன்றதன்று.

தோலே அதன் உயிர்

தவளைக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு தோலில் உள்ளது. நம் தோல் ஒரு சட்டை போன்றது. வெளியிலுள்ளதை வெளியிலேயே நிறுத்தும். தவளையின் தோலோ ஒரு மெல்லிய வடிகட்டி. தவளைக்கு நுரையீரல் உண்டு. எனினும் தோல் வழியாகவும் அது மூச்சு விடுகின்றது. நம்மைப்போல் வாயால் நீர் அருந்துவதில்லை. தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. ஆதலின், அத்தோல் எப்போதும் ஈரமாக இருத்தல் வேண்டும். நம் கையிலுள்ள உப்பு, சவர்க்காரம், கொசு விரட்டும் எண்ணெய் ஆகியவையும் அதன் வழியே உள்ளே சென்றுவிடும்.

இத்தோலைத் தாக்கும் கொடிய நோய் ஒன்றுண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணத்தால் வருவது. 1999ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் இடப்பட்டது. அது தவளையின் தோலைத் தடிக்கச் செய்து, உடலிலுள்ள உப்புச் சத்துகளின் அளவைக் கெடுக்கின்றது. இறுதியில் இதயம் நின்றுவிடுகின்றது. 2019இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, இந்நோயால் குறைந்தது 501 இனங்கள் குறைந்துவிட்டன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயின என்று கருதப்படுகின்றன என்றும் தெரிவித்தது. வேறெந்த நோயும் இத்தனை உயிரினங்களை அழித்ததாக வரலாறு இல்லை.

அந்நோய் எங்கிருந்து புறப்பட்டது? 2018இல் பல நாட்டு அறிஞர் சேர்ந்து செய்த ஆய்வு, அது கிழக்காசியாவில், கொரியத் தீபகற்பத்தை ஒட்டிய பகுதியில் தோன்றியது எனக் காட்டியது. ஆசியத் தவளைகள் நெடுங்காலம் அதனோடு பழகியதால் பெரும்பாலும் துன்புறுவதில்லை. ஆனால், அவை உணவுக்காகவும் வளர்ப்புக்காகவும் ஆய்வுக்காகவும் கப்பலிலும் விமானத்திலும் பிற நாடுகளுக்குச் சென்றபோது நோயும் உடன் சென்றது. அங்குள்ள தவளைகளுக்கு அது புதியது. ஆதலின் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. நலமாகத் தோன்றும் ஒரு தவளை, தன்னை அறியாமலே காலனைச் சுமந்து செல்லக்கூடும். தொட்டி நீரைக் கால்வாயில் கொட்டினாலே போதும், நோய் பரவிவிடும்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தவளை உள்ளிட்ட நிலநீர்வாழ் உயிரினங்கள் 8,011 ஆராயப்பட்டன. அவற்றுள் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் நிலையில் உள்ளன. காடழிப்பு முதற் காரணம். வெப்பமாற்றம், நோய், வணிகம் ஆகியவை அடுத்தவை. இதனால்தான் 2022 நவம்பரில் பனாமா நகரில் கூடிய உலக நாடுகள், கண்ணாடித் தவளைக் குடும்பம் முழுவதையும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தன. அரசின் அனுமதிச் சீட்டு இன்றி அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல இயலாது. நம் நாட்டிலும் இவ்வுடன்படிக்கையை நிறைவேற்ற 2008ஆம் ஆண்டுச் சட்டமும், தீபகற்பத்தில் வனவிலங்குகளைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. அறியாமையால் ஓர் அரிய உயிரை வாங்கிவிட்டு, பின்னர் சட்டத்தின்முன் நிற்க நேரிட்டால் அது குடும்பத்துக்கே துன்பமாகும். ஐயமிருந்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தைக் கேட்டறிதல் நலம்.

என் பிஸ்கட் தகரம்

அம்மாணவனுக்கு நான் சொன்ன ஒரு செய்தியை உங்களுக்கும் சொல்லவேண்டும்.

என் பத்தாம் வயதில் நாங்கள் வேறொரு தோட்டத்தின் லயத்தில் வாழ்ந்தோம். என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. பால்மரக் காடு முடியும் இடத்தில் பெருங்காடு தொடங்கும். ஒரு நாள் விறகு பொறுக்கச் சென்றபோது, நான் எடுக்கக் குனிந்த சருகு துள்ளிக் குதித்தது. அது ஒரு கொம்புத் தவளை. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் சொல்லி முடியாது. சட்டையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்தேன். மூடியில் ஆணியால் துளையிட்டேன். கரப்பான் பூச்சியைப் பிடித்துப் போட்டேன். லயத்துப் பிள்ளைகள் அனைவரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். நான் அவர்களுக்கெல்லாம் தலைவனானேன்.

மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்தபோது, நிழலில் வைத்திருந்த தகரத்தின்மேல் நண்பகல் வெயில் ஏறியிருந்தது. திறந்து பார்த்தேன். தவளை உலர்ந்துபோய்க் கிடந்தது. இப்போது அது உண்மையாகவே சருகு போல இருந்தது.

என் தந்தையார் என்னை அடிக்கவில்லை. தகரத்தை வாங்கிப் பார்த்தார். "பிறர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே இதற்கு இந்த உருவம் வந்தது. நீ கண்டாய். கண்டதோடு விட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் சென்றார். எழுத்தறிவு குறைந்த அவரிடம் அன்று கற்ற பாடத்தை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இயற்கைப் பாடம் படித்தபோதும் நான் மறக்கவில்லை.

நம் காலடியிலுள்ள தவளைகள்

கொம்புத் தவளைக்குக் காடு வேண்டும். ஆனால், நம் தோட்டத்துக் கால்வாயிலும் குளியலறைச் சுவரிலும் வாழும் தவளைகளும் காணத்தக்கனவே. அம்மாணவன் பிடித்து வந்த மரத்தவளை நம்மோடு பழகிய இனம். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலோ, நீர் நிற்கும் பள்ளத்தின் மேலுள்ள செடியிலோ, சவர்க்கார நுரைபோல் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதனை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகின்றனர். அது அத்தவளையின் கூடு! தாய்த் தவளை தான் சுரக்கும் நீரைப் பின்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகின்றது. வெளிப்புறம் காய்ந்து ஓடாகும்; உட்புறம் ஈரம் நிற்கும். சில நாள்களில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவி நீரில் விழும். கண்ணாடித் தவளை இலையில் செய்வதை, நம் வீட்டுத் தவளை நுரையில் செய்கின்றது. வாலஸ் கண்ட பறக்கும் தவளையும் நுரைக்கூடு கட்டும் இனமே.

தவளைகள் பூச்சிகளை உண்டு நமக்கு உதவுகின்றன. இதற்கு இந்தியாவின் அனுபவம் ஒரு பாடம். அந்நாடு பல ஆண்டுகள் வயல்களிலிருந்து தவளைகளைப் பிடித்து, அவற்றின் கால்களை மேலைநாடுகளுக்கு உணவாக ஏற்றுமதி செய்தது. தவளைகள் குறைந்தால் பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகும் என்று அறிஞர்கள் எச்சரித்தனர். 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

தோட்டத் தொழிலாளப் பெருமக்களுக்கு ஒரு சொல். பால்மரம் இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை நிற்கின்றது. புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை உங்களில் பலருக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு உரியதாயிற்று. தவளையின் தோல் வழியே நஞ்சு எளிதில் உட்செல்லும் என்றேன். நம் தோல் அதனினும் தடித்ததுதான். ஆயினும் முற்றும் அடைக்கப்பட்ட கதவன்று. பல்லாண்டுகள் தோட்டங்களில் புழங்கிய பாரகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியை, மனித உயிருக்கு அது விளைக்கும் கேட்டினால் நம் அரசாங்கம் 2020 ஜனவரி முதல் தடை செய்தது. எந்த மருந்தாயினும் கையுறையும் காலுறையும் முகக்கவசமும் இன்றித் தொடவேண்டா. மருந்துக் கலத்தை ஓடையிலோ கால்வாயிலோ கழுவவேண்டா. தவளைக் குரல் நின்றுபோன கால்வாயைக் கண்டால், அந்நீரில் உங்கள் பிள்ளைகளை இறங்க விடுமுன் சற்று எண்ணிப் பாருங்கள்.

செய்யத்தக்கன

மாணவர்களே, "வளர்க்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி உங்கள் ஆசையை அணைத்துவிட நான் விரும்பவில்லை. கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது: மழை விட்ட மாலையில், தந்தையோடோ அண்ணனோடோ கை விளக்கு எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரம் நில்லுங்கள். பாம்பு இருக்கும்; ஆதலின் தனியே செல்லாதீர்கள், காலணி அணியுங்கள். எத்தனை விதக் குரல்கள் கேட்கின்றன என்று எண்ணி, நாளும் மழையும் குறித்து எழுதிவையுங்கள்.

இரண்டாவது: நுரைக்கூட்டைக் கண்டால் தொடாமல் நாள்தோறும் பார்த்து, அது மாறும் விதத்தை வரையுங்கள்.

மூன்றாவது: தலைப்பிரட்டை தவளையாவதை வகுப்பில் காண விரும்பினால், ஆசிரியரின் துணையோடு நான்கைந்தை மட்டும் அக்குட்டையின் நீரோடே எடுத்து, திறந்த பாத்திரத்தில் நிழலில் வைக்கலாம். கால் முளைத்ததும் ஏறி நிற்க ஒரு கல்லை இட்டு, எடுத்த அதே குட்டையில் விட்டுவிடவேண்டும். வேறிடத்தில் விடுவது உதவியன்று, தீங்கு.

நான்காவது: கடையிலோ கைப்பேசியிலோ அரிய தவளை விற்பனைக்கு வந்தால் பெற்றோரிடம் வாங்கித் தரக் கேட்காதீர்கள். வாங்குவார் இல்லையேல் பிடிப்பாரும் இல்லை.

நிற்க. அந்த மரத்தவளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓய்வுநேரத்தில் நான்காம் ஆண்டு மாணவர் அனைவரும் சூழ, அதனைப் பள்ளியின் பின்புறக் கால்வாயோரம் விட்டோம். எங்கே பிடித்தானோ அதே இடம். முதலில் அது நகரவில்லை. பிறகு ஒரே தாவலில் வாழையிலையின் அடிப்புறம் சென்று ஒட்டிக்கொண்டது. வெயில் அவ்விலையின் மேல் விழுந்தது. இலைக்கு அப்பால் அதன் நிழலுருவம் மட்டும் பசுமையாகத் தெரிந்தது.

"ஐயா, இப்போது இதுவும் கண்ணாடித் தவளைதான்!" என்றான் அம்மாணவன்.

அவன் சொன்னது அறிவியலுக்குப் பொருந்தாது. ஆயினும் நான் திருத்தவில்லை. அன்றிரவு மழை பெய்தது. மறுநாள் அவன் ஒரு புதிய குறிப்பேட்டுடன் வந்தான். முதற் பக்கத்தில் தேதியும், "மூன்று குரல்கள்" என்றும் எழுதியிருந்தான். நான்காவது குரலை அடுத்த ஆண்டு மலரில் அவனே எழுதுவான் என நம்புகின்றேன்.

வாழ்க நம் தோட்டம்! வளர்க நம் பள்ளி!

தலைமையாசிரியர்